ஒரே வேளை என்பது யாருடைய வேளை?

காலம் எதனையும் சாராது எங்கும் ஒரே சீராக ஓடுவது என்று பேரறிஞர் நியூட்டன் 1687இல் எழுதினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞருலகம் பெரும்பாலும் அதனை ஐயுறாது ஏற்றது.

தொலைவிலுள்ள இரு நிகழ்ச்சிகள் ஒரே வேளையில் நடந்தன என்று எவ்வாறு அறிவது? 1898இல் பிரெஞ்சு அறிஞர் பொயின்கரே இவ்வினாவை எழுப்பினார். அதனை முடிவுவரை கொண்டு சென்றவர், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பேட்டண்டு காரியாலயத்தில் மூன்றாந்தர உத்தியோகத்திலிருந்த ஐன்ஸ்டைன். 1905இல் அவருக்கு வயது 26.

1917இல் வெளிவந்த தமது நூலில் அவர் ஓர் உதாரணம் காட்டினார். ஓடும் புகைவண்டியின் இரு முனைகளிலும் மின்னல் விழுகிறது. தரையில், இரண்டுக்கும் நடுவே நிற்பவனை இரு ஒளியும் ஒருங்கே எட்டுகின்றன. இரண்டும் ஒரே வேளை என்கிறான். வண்டியின் நடுவே இருப்பவனோ முன்னொளியை எதிர்கொண்டும் பின்னொளியை விட்டு விலகியும் செல்கிறான். முன்னொளியையே முதலிற் காண்கிறான். ஒளியின் வேகம் இருவர்க்கும் ஒன்றே. ஆதலின், முன் மின்னலே முந்தியது என்கிறான். இருவர் கூற்றும் மெய்யே!

இதனால் எல்லாம் தாறுமாறாகிவிடாது. காரியம் காரணத்தை முந்துவதில்லை. தந்தைக்கு முன் மகன் பிறப்பதில்லை. ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 3,00,000 கிலோமீட்டர் செல்வதால், அன்றாட வாழ்வில் இவ்வேறுபாடு நம் கண்ணுக்குப் புலனாவதுமில்லை. எனினும், 1971இல் ஆகாய விமானங்களில் உலகைச் சுற்றிவந்த அணுக் கடிகாரங்கள், காலம் யாவர்க்கும் ஒன்றன்று என்பதைக் காட்டின.

பெரியோர் சொன்னது, எல்லாரும் நம்புவது என்பன சான்றாகா. நியூட்டனையே வினவலாமெனில், வினவத்தகாதது வேறு யாதுளது?