சங்கு ஊதினால் ரோடு நமக்கு



போன வாரம் அவிநாசி ரோட்டில் எதிர்ப்பக்கம் இருக்கும் மருந்துக்கடைக்குப் போகவேண்டியிருந்தது. கால் மணி நேரம் நின்றும் ரோட்டைக் கடக்க முடியவில்லை. கடைசியில் ஆட்டோ பிடித்து, யூ-டர்ன் சுற்றிப் போய் இறங்கினேன். "ஏனுங்கம்மா, ரோட்டைத் தாண்டறதுக்கா ஆட்டோ?" என்று டிரைவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது நடந்து நடந்தே வளர்ந்த ஊர். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1910-இல் லட்சுமி மில்ஸ். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. அவற்றில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்கள்தான்.

என் அப்பாவும் அப்படித்தான். சௌரிபாளையத்திலிருந்து பீளமேட்டில் ஒரு மில்லுக்கு, கையில் தூக்குப்போசியோடு, இட்டேரி வழியாகப் போவார். இட்டேரி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஆளும் மாடும் வண்டியும் போகும் தடம். கொங்கு நாட்டின் நடைபாதை அதுதான்.

ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக ரோட்டில் இறங்குவார்கள். பஸ்ஸும் லாரியும் நின்றுதான் போகும். சின்ன வயதில் மில் வாசலில் நின்று நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு ரோடு மாறியது. 2010 செம்மொழி மாநாட்டுக்காக அவிநாசி ரோட்டை அகலப்படுத்தினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நகரின் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்தார்கள். 2025 அக்டோபரில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. மேம்பாலம் திறந்தார்கள். ஜி.டி. நாயுடு பெயர் வைத்ததில் எனக்கும் பெருமைதான். பாலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிக்னல் இருந்தபோது சிவப்பு விழுந்தால் வண்டிகள் நிற்கும், நாம் கடந்துவிடுவோம். வண்டி நிற்காமல் போகவேண்டும் என்று சிக்னலை எடுத்தார்கள். அந்தச் சிவப்புதான் நடப்பவருக்குக் கிடைத்த நேரம் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்கிறது இந்திய சாலைக் காங்கிரஸின் விதி. நடைபாதையைப் பயன்படுத்துவது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எங்கள் பக்கத்து நடைபாதையிலோ பைக் நிற்கிறது, டிரான்ஸ்பார்மர் நிற்கிறது, கடையின் போர்டு நிற்கிறது. மனிதர் நிற்க மட்டும் இடமில்லை.

36 வருடம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன்: "முதலில் வலது பக்கம் பார், பிறகு இடது பக்கம், மறுபடியும் வலது பக்கம். வண்டி வராதபோது கடந்து போ." வண்டி வராத ஒரு நேரம் எப்படியும் வரும் என்று நம்பித்தான் அந்தப் பாடத்தை நடத்தினேன்.

மில் சங்கு இனி ஊதாது. அதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் நடப்பவர்களுக்காக அரை நிமிடம் சிவப்பு விளக்கு எரியட்டும். அது போதும்.

உங்கள் பகுதியில் ரோட்டை எப்படிக் கடக்கிறீர்கள்? எழுதுங்கள்.