அகில இந்தியத் தூய்மை, பொதுச் சுகாதார நிறுவனம்
கொல்கத்தாவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் 1932 டிசம்பர் 30 அன்று தொடங்கப்பட்ட மேற்படிப்பு நிறுவனம். இன்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. பொதுச் சுகாதாரத்தை மருத்துவர்களின் தனிச்சொத்தாக இது கருதவில்லை. குடிநீர், கழிவுநீர் அமைப்புகளைக் கற்கும் பொறியாளர்களுக்கும், செவிலியர்களுக்கும், உணவியல் மாணவர்களுக்கும் இங்கே இடமுண்டு.

கட்டடத்தைவிடக் களமே இதன் பெரும்பேறு எனலாம். ஹூக்ளி மாவட்டத்துச் சிங்கூரில் 1939-இல் அமைந்த ஊரகச் சுகாதார மையம் மாணவர்களைக் கிராமங்களுக்குள் கொண்டுபோனது. நோயாளி தேடி வரும்வரை காத்திராமல், கிணறு, கழிப்பிடம், பேறுகாலப் பராமரிப்பு, மலேரியா ஆகியவற்றை அவை இருக்கும் இடத்திலேயே ஆராய்வது பயிற்சியின் அடிப்படை. நகர்ப்புறப் பயிற்சிக்குக் கொல்கத்தாவின் சேத்லா பகுதியில் ஒரு மையம் உள்ளது.