உள்மருத்துவ ரெசிடென்சி விண்ணப்பத்தில் போட்டித்திறனை மதிப்பிடுதல்

அமெரிக்காவில் உள்மருத்துவத்தில் ரெசிடென்சி எனப்படும் மூன்றாண்டு மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் மருத்துவர், எந்தெந்த மருத்துவமனைகள் தம்மை நேர்காணலுக்கு அழைக்கும், எங்கே இடம் கிடைக்க வாய்ப்புண்டு என்று முன்கூட்டியே கணித்துக்கொள்வதே போட்டித்திறன் மதிப்பீடு. தமிழ்நாட்டில் எம்.டி. பொது மருத்துவம் என்று அறியப்படும் படிப்புக்கு நெருக்கமானது இப்பயிற்சி. ஆனால் சேர்க்கை முறை முற்றிலும் வேறு. இங்கே நீட் முதுநிலைத் தேர்வின் தரவரிசை எண் கையில் இருந்தால், சென்ற ஆண்டின் கட்-ஆஃபோடு ஒப்பிட்டு ஓரளவு விடை கண்டுவிடலாம். அங்கே அப்படியோர் எண் கிடையாது. ஒரு மருத்துவமனை விரும்பி அழைக்கும் விண்ணப்பத்தை அடுத்த தெருவிலுள்ள மருத்துவமனை திறந்துகூடப் பார்க்காமல் விடலாம். ஆகவே ‘உள்மருத்துவம் எனக்குக் கிடைக்குமா’ என்பது பாதிக் கேள்விதான். எந்த மருத்துவமனையில் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அதற்குப் பதில் உண்டு.

துறையின் அகலம்

1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் வகுத்த பயிற்சிமுறையே அமெரிக்க ரெசிடென்சிக்கு முன்மாதிரி. இன்று இடங்களின் எண்ணிக்கையில் உள்மருத்துவமே முதல் துறை. 2024-ஆம் ஆண்டுச் சேர்க்கையில் முழு மூன்றாண்டுப் பயிற்சிக்கான இடங்கள் 10,000-ஐத் தாண்டின. அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் (அங்கே எம்.டி. என்பது அடிப்படை மருத்துவப் பட்டம்) இறுதியாண்டு மாணவர்கள் இவற்றில் பாதியைக்கூட நிரப்புவதில்லை. எஞ்சியவை பெரும்பாலும் ஆஸ்டியோபதி கல்லூரி மாணவர்களுக்கும் வெளிநாட்டில் படித்தவர்களுக்கும் போகின்றன.

இதைக் கேட்டு இத்துறை எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை, பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு நடக்கும் போட்டி, தோல் மருத்துவத்துக்கோ எலும்பு அறுவைக்கோ நடக்கும் போட்டிக்குச் சளைத்ததல்ல. நியூயார்க்கின் புரூக்ளின், பிராங்ஸ் பகுதிகளிலும் மிச்சிகனிலும் உள்ள பல சமூக மருத்துவமனைகளிலோ பயிற்சி மருத்துவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுப் பட்டதாரிகள். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே மாநிலப் பல்கலைக்கழக மருத்துவமனைகளும், பல்கலைக்கழகத்தோடு இணைந்த சமூக மருத்துவமனைகளும் வரிசையாக நிற்கின்றன. ஒரே துறைக்குள் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருப்பதால்தான் இங்கே சுயமதிப்பீடு மற்ற துறைகளைவிடக் கடினமாகிறது.

இடம் ஒதுக்கும் முறை

1952 முதல் தேசிய ரெசிடென்ட் மேட்ச் திட்டம் இடங்களை ஒதுக்கி வருகிறது. விண்ணப்பதாரர் தாம் விரும்பும் மருத்துவமனைகளை வரிசைப்படுத்தித் தருகிறார். மருத்துவமனைகளும் நேர்காணல் செய்தவர்களை அவ்வாறே வரிசைப்படுத்துகின்றன. இரண்டையும் கணினி பொருத்துகிறது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும் 1962-இல் எழுதிய கட்டுரையின் கோட்பாட்டை ஒட்டியது இம்முறை. ஆல்வின் ராத் தலைமையில் இது திருத்தப்பட்டு, 1998 சேர்க்கை முதல் விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து கணக்கைத் தொடங்குகிறது. ராத்தும் ஷாப்லியும் 2012-இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஒருவர் எட்டாக்கனியாகத் தோன்றும் மருத்துவமனையை முதலிடத்திலும், நம்பிக்கையுள்ள மருத்துவமனையை இரண்டாம் இடத்திலும் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினி முதலில் முதல் இடத்தில் முயல்கிறது. அங்கே அந்த மருத்துவமனை அதிகம் விரும்பியவர்களே நிறைந்திருந்தால் இரண்டாவதற்கு வருகிறது. அங்கு தற்காலிகமாக இடம் பிடித்திருப்பவர், மருத்துவமனையின் பட்டியலில் இவருக்குக் கீழே இருந்தால், அவர் விலக இவர் அமர்கிறார். இரண்டாவதாக எழுதியதால் இவருக்கு எந்த நட்டமும் இல்லை. இரண்டாவதாக எழுதப்பட்டது அந்த மருத்துவமனைக்குத் தெரியவும் தெரியாது.

போட்டித்திறனைக் கணக்கிட வேண்டிய கட்டம் எது என்பதையும் இதுவே தீர்மானிக்கிறது. எங்கே விண்ணப்பிப்பது என்று முடிவெடுக்கும் செப்டம்பர் மாதத்தில் அந்தக் கணக்கு தேவை. நேர்காணல்கள் முடிந்து பட்டியல் எழுதும்போது அதைத் தூக்கி வைத்துவிட்டு, மனத்தில் உள்ள விருப்ப வரிசையை அப்படியே எழுத வேண்டும். ‘அங்கே எனக்குக் கிடைக்காது’ என்று தாமே முடிவுகட்டி, பிடித்த இடத்தைக் கீழே தள்ளுகிறவர்கள் ஆண்டுதோறும் தம் வாய்ப்பைத் தாமே குறைத்துக்கொள்கிறார்கள்.

விண்ணப்பம் கடக்கும் மூன்று கட்டங்கள்

விண்ணப்பங்கள் ஈராஸ் என்ற மின்னணுச் சேவை வழியே செல்கின்றன. இதை நடத்துவது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம். ஒரு மருத்துவமனையின் பயிற்சித் திட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது எல்லாவற்றையும் மனிதர் படிப்பது நடக்காத காரியம். அதனால் முதல் கட்டம் வடிகட்டல். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் ஒரு கட்டமான ஸ்டெப் 2 சி.கே. மதிப்பெண், தேர்வில் தோல்வி, பட்டம் பெற்ற ஆண்டு, விசா தேவை ஆகியவற்றை வைத்துத் திரையில் பட்டியலைச் சுருக்கிக்கொள்ள மென்பொருளில் வசதி உண்டு. இங்கே விழுந்த விண்ணப்பத்தின் சிபாரிசுக் கடிதம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதைப் படிக்க ஆளில்லை.

2022 ஜனவரி 26 முதல் ஸ்டெப் 1 தேர்வுக்கு மதிப்பெண் தருவதில்லை; தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே தெரிவிக்கப்படுகிறது. அதுவரை இரு தேர்வுகள் தாங்கிய சுமை முழுவதும் ஸ்டெப் 2 சி.கே. மேல் விழுந்தது. அதன் தேர்ச்சி எல்லை 2022 ஜூலையில் 214 ஆகவும், 2025 ஜூலையில் 218 ஆகவும் உயர்த்தப்பட்டது. உள்மருத்துவத்தில் இடம் பெறும் அமெரிக்க எம்.டி. மாணவர்களின் சராசரி 250-ஐ ஒட்டி அமைகிறது. தேர்வை நடத்துவோர் வெளியிடும் அளவீட்டுப் பிழையே பல புள்ளிகள் வரும். எனவே 247-க்கும் 251-க்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணித் தூக்கம் கெடுவது வீண். ஒருமுறை தோற்றுத் தேறியிருப்பது அப்படியல்ல. பல திட்டங்களில் அது ஒன்றே விண்ணப்பத்தை நிறுத்திவிடுகிறது.

இரண்டாவது கட்டம் விண்ணப்பத்தை வாசிப்பது. மூன்றாம் ஆண்டு வார்டுப் பயிற்சியில், குறிப்பாக உள்மருத்துவ வார்டில், பெற்ற தரநிலை முதலில் பார்க்கப்படும். கல்லூரி அனுப்பும் செயல்திறன் அறிக்கை, துறையின் சார்பில் வரும் கடிதம், நோயாளிகளைப் பொறுப்பேற்றுப் பார்த்த நான்காம் ஆண்டுப் பயிற்சி, ஆல்ஃபா ஒமேகா ஆல்ஃபா கௌரவச் சங்க உறுப்பினர் தகுதி ஆகியவை அடுத்து வரும். கல்லூரியின் பெயருக்கும் எடை உண்டு. இல்லை என்று சொல்வது மாணவரை ஏமாற்றுவதாகும். ஆராய்ச்சி, ஆய்வு சார்ந்த பல்கலைக்கழகத் திட்டங்களில் பெரிதாகவும் சமூக மருத்துவமனைகளில் சிறிதாகவும் எண்ணப்படும். சிபாரிசுக் கடிதத்தில் எழுதியவரின் புகழைவிட, அவர் விண்ணப்பதாரரோடு வார்டில் நின்றவரா என்பதே வாசிப்பவருக்கு உடனே தெரிகிறது. ‘நோயாளியின் மகளிடம் கெட்ட செய்தியை இவர் சொன்ன விதத்தை அருகிலிருந்து பார்த்தேன்’ என்ற ஒரு வரி, ‘கடின உழைப்பாளி’ என்ற சொல் பத்து முறை வரும் கடிதத்தை வென்றுவிடும்.

மூன்றாவது நேர்காணல். கொரோனா காலத்தில், 2020-இல், இணையவழிக்கு மாறியது இன்றும் பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது. திட்ட இயக்குநர்களிடம் நடத்தப்படும் கருத்தாய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது ஒன்று: அழைப்பதற்கு மதிப்பெண் உதவுகிறது, அழைத்தபின் வரிசைப்படுத்த, பேசிய விதமும் பழகிய விதமுமே முன்னிற்கின்றன.

சராசரிகளைப் படிக்கும் முறை

மேட்ச் திட்டம் வெளியிடும் ‘சார்ட்டிங் அவுட்கம்ஸ்’ அறிக்கை, இடம் பெற்றோரையும் பெறாதோரையும் துறைவாரியாக ஒப்பிடுகிறது. இதைவிட நம்பகமான பொதுத் தரவு கிடையாது. இதைப்போல் தவறாகப் படிக்கப்படுவதும் கிடையாது. இடம் பெற்றவர்களின் சராசரி என்பது கட்-ஆஃப் அல்ல. ஏறத்தாழப் பாதிப்பேர் அதற்குக் கீழே இருந்துகொண்டே இடம் பெற்றவர்கள். அந்தச் சராசரிக்குள் ஹாப்கின்ஸும் சிற்றூர் மருத்துவமனையும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஆராய்ச்சி எண்ணிக்கையிலோ சுருக்கவுரை, மாநாட்டு உரை, அச்சான கட்டுரை மூன்றும் சேர்த்தே கூட்டப்படுகின்றன. அதைப் பார்த்து மிரண்டு, அச்சேறிய கட்டுரை அத்தனை வேண்டும் என்று ஓடுபவர்கள் பலர்.

பட்டியலில் எத்தனை உள்மருத்துவத் திட்டங்களைத் தொடர்ச்சியாக எழுதியவர்களுக்கு இடம் கிடைத்தது என்ற வரைபடமும் அதில் உண்டு. அமெரிக்க எம்.டி. மாணவர்களில் ஏறக்குறைய பன்னிரண்டு திட்டங்களை எழுதியவர்களில் இடம் கிடைக்காதவர் மிகச் சிலரே. ஆனால் பன்னிரண்டு நேர்காணல் வந்ததே விண்ணப்பம் வலுவானது என்பதற்கு அடையாளம். எண்ணிக்கை மட்டுமே காரணம் என்று கொள்ளலாகாது.

பொதுச் சராசரியைவிட, ஒரு திட்டத்தின் இணையப் பக்கத்தில் இப்போது பயிலும் மருத்துவர்களின் பட்டியல் அதிகம் சொல்லும். மூன்று ஆண்டு மாணவர்களும் எந்தக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள், வெளிநாட்டுப் பட்டதாரிகள் எத்தனை பேர், பயிற்சி முடித்தவர்கள் இதயவியல், குடலியல் போன்ற உட்பிரிவுகளில் எங்கே சேர்ந்தார்கள் என்பதை அரைமணி நேரத்தில் கண்டுகொள்ளலாம். தம்மைப் போன்ற ஒருவர்கூட அங்கே இல்லையென்றால் அதுவே விடைக்கு நெருக்கமானது. மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் ‘ரெசிடென்சி எக்ஸ்ப்ளோரர்’ கருவியில் சொந்த விவரங்களை இட்டு, அத்திட்டத்தில் சேர்ந்தவர்களோடு ஒப்பிடவும் முடியும்.

வெளிநாட்டுப் பட்டதாரிகள்

2024 சேர்க்கையில், எல்லாத் துறைகளையும் சேர்த்து, அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 விழுக்காட்டினர் இடம் பெற்றனர். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 58.5 விழுக்காட்டினரே பெற்றனர். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் செல்லும் மருத்துவர்கள் இந்த இரண்டாம் வகையில் அடங்குவர். இவர்கள் 1956-இல் தொடங்கிய இ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பின் சான்றிதழ் பெற வேண்டும். அதற்கு ஸ்டெப் தேர்வுகளோடு ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வும் தேவை.

2019-இல் சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்து, ஸ்டெப் 2 சி.கே.-இல் 246 பெற்று, ஜே-1 விசா தேவைப்படும் ஒருவர் 2025-இல் விண்ணப்பிக்கிறார் என்று கொள்வோம். பட்டம் பெற்று ஐந்தாண்டுக்குள் இருக்க வேண்டும் என்று விதித்த திட்டங்கள் முதலிலேயே கழிந்துவிடும். வெளிநாட்டவரைச் சேர்க்காத பல்கலைக்கழகத் திட்டங்களும் கழியும். எஞ்சிய சமூக மருத்துவமனைகளில் இவர் நியாயமான போட்டியாளர். அங்கே அமெரிக்க வார்டில் பெற்ற அனுபவமும், அதிலிருந்து வந்த கடிதங்களும், இடைவெளியில்லாமல் மருத்துவம் பார்த்து வந்திருப்பதும் முடிவைத் தீர்மானிக்கும். ஒரு மாநிலக் கல்லூரியில் படித்து 238 மட்டுமே பெற்ற அமெரிக்க மாணவருக்கோ, தம் மாநிலப் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்தே அழைப்பு வர நல்ல வாய்ப்புண்டு. எட்டு மதிப்பெண் குறைந்தவருக்குப் பாதை அகலம்.

பட்டம் பெற்ற ஆண்டை வைத்து வடிகட்டுவதில் ஓர் அநீதி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறாண்டு பிரசவமும் பாம்புக்கடியும் காசநோயும் பார்த்தவரை அந்த எண் ‘பழையவர்’ என்று ஒதுக்குகிறது. உள்மருத்துவத்துக்கு அதைவிடப் பொருத்தமான முன்பயிற்சி எது? நேரமில்லாத தேர்வாளருக்கு எளிதான அளவுகோல் என்பதைத் தவிர இதற்கு வலுவான நியாயம் இல்லை. ஆயினும் விண்ணப்பிப்பவர் அது இருப்பதை ஏற்றுக்கொண்டே கணக்கிட வேண்டியிருக்கிறது.

விசாவும் கணக்கில் சேரும். ஜே-1 விசாவுக்குத் தாய்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் கடிதம் வேண்டும். பயிற்சி முடிந்ததும் ஈராண்டு நாடு திரும்ப வேண்டும். மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்றாண்டு பணியாற்றினால் 1994-இல் வந்த கான்ராட் திட்டத்தில் விலக்கு பெறலாம். எச்-1பி விசா தரும் திட்டங்கள் முன்பே குறைவு. அதற்கு ஸ்டெப் 3 தேர்வும் முடித்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டபின், அதை மட்டுமே நம்பி விண்ணப்பிப்பது மிகுந்த துணிச்சல்.

எத்தனை விண்ணப்பம், எங்கே சிக்னல்

2024-25 பருவத்தில் ஈராஸ் கட்டணம் முதல் 30 திட்டங்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் தலா 30 டாலர். நூறு திட்டங்களுக்கு 2,430 டாலர். இந்திய மதிப்பில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல். பயத்தில் விண்ணப்பங்களை அள்ளி வீசுவோர் பெருகியதால் வடிகட்டல் இன்னும் கடுமையாயிற்று. இதைத் தணிக்கவே, தாம் மிகவும் விரும்பும் சில திட்டங்களுக்கு அதை விண்ணப்பத்தோடே தெரிவிக்கும் சிக்னல் எனப்படும் விருப்பச் சமிக்ஞை முறை வந்தது. அதே பருவத்தில் உள்மருத்துவ விண்ணப்பதாரருக்கு 3 தங்கம், 12 வெள்ளி என 15 சிக்னல்கள் தரப்பட்டன. சிக்னல் பெற்ற திட்டம் நேர்காணலுக்கு அழைக்கும் வாய்ப்பு தெளிவாகவே கூடுகிறது. தங்கச் சிக்னலைக் கனவு மருத்துவமனைக்கு மட்டும் தந்துவிடாமல், வடிகட்டலைத் தாண்டி நிற்கும் வாய்ப்புள்ள, தம்மைப் போன்றோர் ஏற்கெனவே பயிலும் இடங்களுக்கே பெரும்பகுதியைத் தருவது நலம்.

மார்ச் மாதத்தில் மேட்ச் வாரத்தின் திங்கட்கிழமை, இடம் கிடைத்ததா இல்லையா என்பது மட்டும் தெரிவிக்கப்படும். எங்கே என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். கிடைக்காதவர்களுக்கு 2012 முதல் சோப் எனப்படும் துணைச் சேர்க்கை நடக்கிறது. காலியான இடங்களில் 45 வரை விண்ணப்பிக்கலாம். அதிலும் கிடைக்காதவர் அடுத்த செப்டம்பரில் மீண்டும் வருவதற்குள், எந்தக் கட்டத்தில் விழுந்தோம் என்று பார்க்க வேண்டும். நேர்காணலே வராதவருக்குத் திட்டங்களின் தேர்வையும், அமெரிக்க அனுபவத்தையும், ஸ்டெப் 3-ஐயும் கவனிக்கும் வேலை இருக்கிறது. எட்டு நேர்காணல் வந்தும் இடம் கிடைக்காதவர் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. தம்மோடு பயிற்சி நேர்காணல் நடத்தி, ஒளிவுமறைவின்றிக் குறை சொல்லும் மூத்த மருத்துவர் ஒருவரைத் தேட வேண்டும்.