பந்தைப் பறித்த கனவான்கள்

லங்காஷயர் என்றதும் நம்மவர்க்கு நினைவிற்கு வருவது துணி. கைத்தறியாளன் வயிற்றில் அடித்துக் கப்பல் கப்பலாக இங்கே வந்து குவிந்த ஆலைத் துணி. அந்தத் துணியால் கொழுத்தவர் ஆலை முதலாளிகள். அதே லங்காஷயரில், ஆலைச் சங்கொலி கேட்டு எழுந்து, புகைக்கூண்டுகளின் நிழலிலேயே வளர்ந்த ஏழைப் பெண்களும் இருந்தனர். அவர்களில் சிலருடைய வரலாற்றைத்தான் இங்கே எடுத்துக்கொண்டோம். அவர்கள் புரட்சி செய்யப் புறப்பட்டவர்களல்லர். பந்து விளையாடப் புறப்பட்டவர்கள். மேட்டுக்குடிக் கனவான்களோ அதையே புரட்சியெனக் கண்டு அஞ்சினர்!

1914-ல் மூண்ட உலகப்போர் ஆண்களைப் படைக்கு இழுத்துச் சென்றது. பிரஸ்டன் நகரில் டிராம் வண்டிகளும் ரயில் எஞ்சின்களும் செய்துவந்த டிக்-கெர் தொழிற்சாலை, போர்த் தளவாடக் கூடமாக மாறிற்று. கைகள் தேவைப்பட்டன, பெண்களை அழைத்தனர். பெண் மெல்லியலாள், அடுக்களையே அவளுக்கு உலகம் என்று ஓதிவந்த வாய்கள் அந்நாளில் மூடிக்கொண்டன. பீரங்கிக் குண்டைத் தூக்கும்போது அவள் மெல்லியலாள் அல்லவாம்!

வெடிமருந்துக் கூடங்களில் நஞ்சுப் பொடி படிந்து பெண்களின் மேனி மஞ்சள் நிறமாயிற்று. அதற்காக அவர்களைக் ‘கானரிக் குருவிகள்’ என்று கேலிபேசினர். 1916 டிசம்பர் 5 இரவு, லீட்ஸ் நகருக்கருகே பார்ன்போ தொழிற்சாலை வெடிவிபத்தில் 35 பெண்கள் மாண்டனர். போர்க்காலத் தணிக்கையால் அச்செய்தியும் அடக்கப்பட்டது. இந்தத் தேதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

டிக்-கெர் பெண்கள் ஓய்வு வேளைகளில் தொழிற்சாலை முற்றத்தில் பந்து உதைத்தனர். விளையாட்டு அணியாயிற்று. ஆல்பிரட் பிராங்க்லண்ட் என்ற அலுவலகப் பணியாளர் பொறுப்பேற்றார். 1917-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, பிரஸ்டனின் டீப்டேல் திடலில், மற்றொரு தொழிற்சாலைப் பெண்களோடு ஆடினர். பார்க்க வந்தோர் 10,000 பேர். நான்கு கோல் போட்டு வென்றனர். திரண்ட பணம், காயமுற்ற படைவீரர்க்கான மருத்துவமனைக்குப் போயிற்று.

போர் முடிந்தது. ஆண்கள் திரும்பினர். ‘அம்மணி, உன் வேலை முடிந்தது, அடுப்படிக்குப் போ!’ என்ற பழைய பாட்டு மீண்டும் தொடங்கிற்று. 1918-ல் வாக்குரிமை தந்தார்களே என்பீர்கள். தந்தார்கள், முப்பது வயது நிரம்பி, சொத்துத் தகுதியும் உடையவளுக்கு! இருபது வயதில் குண்டு செய்த ஏழைப் பெண் 1928 வரை காத்திருந்தாள்.

அணி கலையவில்லை, வளர்ந்தது. 1920-ல் அதில் வந்து சேர்ந்தவள் லில்லி பார். செயின்ட் ஹெலன்ஸ் என்ற கண்ணாடித் தொழில் நகரத்துக் கூலிக்காரர் ஒருவரின் மகள். ஏழு பிள்ளைகளில் ஒருத்தி. 1905-ல் பிறந்தவள். தையலும் சமையலும் கற்கச் சொன்ன வயதில், அண்ணன்மாரோடு வெற்று மனையில் பந்து உதைத்துப் பழகினாள். பயிற்சிக்கூடம் ஏது, ஆசான் ஏது? இடக்காலால் அவள் உதைத்த பந்தின் வேகத்தைக் கண்டு ஆண் ஆட்டக்காரர்களே வியந்தனராம். ஓர் ஆட்டத்திற்கு இப்பெண்கள் பெற்றது பத்து ஷில்லிங். இழந்த கூலிக்கும் வழிச்செலவுக்கும் ஈடு. பகலெல்லாம் தொழிற்சாலையில் நின்ற கால்கள்தாம் திடலிலும் ஓடின.

1920 டிசம்பர் 26. லிவர்பூலில் குடிசன் பார்க் திடல். டிக்-கெர் அணியும் செயின்ட் ஹெலன்ஸ் பெண்களும் மோதினர். உள்ளே 53,000 பேர்; இடமின்றி வாயிலில் திரும்பியோர் பல்லாயிரவர். வசூல் 3,115 பவுன், முழுதும் அறப்பணிக்கு. 1921-ல் மட்டும் இந்த அணி 67 ஆட்டங்கள் ஆடிற்று. நாட்டில் ஏறத்தாழ 150 பெண்கள் அணிகள் தோன்றியிருந்தன.

அதே 1921-ல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்தனர். ஏற்க மறுத்த தொழிலாளரைக் கதவடைத்து வெளியே நிறுத்தினர். மூன்று திங்கள் சுரங்க ஊர்களில் அடுப்பெரியவில்லை. பெண்கள் அணிகள் அந்தக் குடும்பங்களுக்காகவும் ஆடின. போர்வீரனுக்குப் பணம் திரட்டியபோது ‘நாட்டுப்பற்று’ என்று புகழ்ந்தவர்கள், பாட்டாளியின் பசிக்குத் திரட்டியபோது முகம் சுளித்தனர். தடைக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். தங்கள் கைக்கு அடங்காத பெட்டியில் பணம் விழுவதைச் சங்கத்தார் எப்போது பொறுத்தார்கள்?

1921 டிசம்பர் 5. பார்ன்போப் பெண்கள் வெந்து மடிந்த அதே நாள், ஐந்தாண்டு கழித்து. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது: இவ்வாட்டம் பெண்களுக்குச் சற்றும் ஏற்றதன்று, ஊக்கக்கூடாது, சங்கத்தைச் சேர்ந்த திடல் எதையும் அவர்களுக்குத் தரக்கூடாது. வசூலில் செலவுக்கென மிகுதியாக எடுத்துக்கொள்கின்றனர் என்ற பழியும் சேர்த்தனர். பந்து உதைத்தால் பெண்ணுடலுக்குக் கேடு என மருத்துவர் சிலரும் சான்று தந்தனர். மேனி மஞ்சளானபோது இந்த மருத்துவ அக்கறை எங்கே ஒளிந்திருந்தது? சாத்திரத்தின் பெயரால் தடுப்பது நம் நாட்டு வழக்கம்; அறிவியலின் பெயரால் தடுப்பது அந்நாட்டு வழக்கம். வேடம்தான் வேறு!

அவர்கள் ஓயவில்லை. பூங்காக்களிலும் கிடைத்த வெளிகளிலும் ஆடினர். 1922-ல் கடல் கடந்தனர். கனடாவில் ஆட அனுமதியில்லை என்றனர். அமெரிக்காவுக்குச் சென்று ஆண்கள் அணிகளோடே மோதினர், சிலவற்றை வென்றும் காட்டினர். ஆனால், பெரிய திடல் போயிற்று, பெருங்கூட்டம் போயிற்று, வளரவிருந்த அணிகள் பல உதிர்ந்தன. அந்தத் தடையின் வேலை அதுதான்.

இங்கிலாந்தோடு நின்றதா? பிரேசிலில் 1941-ல், பெண்ணின் இயற்கைக்கு ஒவ்வாத விளையாட்டு கூடாதென ஆணை பிறந்தது. 1979 வரை அது நீடித்தது. மேற்கு ஜெர்மனியில் 1955-ல் தடுத்தனர், 1970-ல்தான் விட்டனர். ‘இயற்கை’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை நாட்டுக் கனவான்கள் பிழைத்திருக்கிறார்கள்!

லில்லி பார் மனநல மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிந்துகொண்டே ஆடினார். 1951 வரை ஆடினார். அவர் போட்ட கோல்கள் 900-க்கும் மேல் என்பர். பிரஸ்டன் பெண்கள் என்று பெயர் மாறியிருந்த அணி 1965-ல் கலைந்தது. தடை 1971-ல்தான் முற்றிலும் நீங்கிற்று. 2002-ல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் லில்லி பாரின் பெயரைப் புகழ்வரிசையில் சேர்த்தது. அவ்வரிசையில் இடம்பெற்ற முதற் பெண் அவரே. 2008-ல் கால்பந்துச் சங்கம் தன் பழைய செயலுக்கு மன்னிப்புக் கேட்டது. அதைக் கேட்க லில்லி பார் இல்லை, 1978-லேயே மறைந்துவிட்டார்.