ஆசிரியர் மாணவரான ஆண்டு

கொரோனாத் தொற்றை முன்னிட்டு 2020 மார்ச் நடுவில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. அம்மாதம் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. இரண்டொரு வாரங்களில் திறந்துவிடலாம் என்று எண்ணிப் பூட்டிய பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் கூடியது 2021 நவம்பர் முதல் நாளில்தான். இடைப்பட்ட ஏறத்தாழ இருபது மாதங்களில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய தோல் தொழில் ஊர்களின் ஆசிரியப் பெருமக்கள் தாமே ஒரு புதிய கல்வியைக் கற்றனர். திரைக்குள் ஒரு வகுப்பறையை அமைப்பதும், அதற்குள் மாணவரை அழைத்து வருவதும், பாடம் வைத்து, வீட்டுப்பாடம் வாங்கித் திருத்துவதுமே அக்கல்வி. பங்குப் பள்ளிகளின் தாளாளர் பொறுப்பை ஏற்றிருப்போர் என்ற முறையில் அதனை அருகிருந்து காண நமக்கு வாய்த்தது. நினைவு மங்குமுன் சிலவற்றைக் குறித்து வைப்பது நன்று எனக் கருதுகின்றோம்.

கற்ற தொழிலை நடுவயதில் மீண்டும் முதலிலிருந்து கற்பது இவ்வட்டாரத்திற்குப் பழக்கமானதே. ஆவாரம் பட்டையில் தோலை ஊறவைத்துப் பதப்படுத்திய கைகள், இருபதாம் நூற்றாண்டில் குரோம் பதனிடலைக் கற்றன. அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அம்முறையைச் சோதித்துக் காட்டியிருந்தார். 1970களில், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மைய அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் முழுமையாக முடித்த தோலையும் காலணியையும் இங்கேயே செய்யக் கற்க வேண்டியதாயிற்று. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பாடமும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் முதியவர்கள் தயங்கினர், இளையவர்கள் முந்தினர். 2020இல் பள்ளிகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

முதலில் எல்லாரும் நாடியது வாட்ஸ்அப் குழுக்களையே. பாடத்தின் படமும் குரல்பதிவும் காலை வணக்கங்களும் ஒரே குழுவில் குவிந்து, எந்தப் பிள்ளை எதனை எழுதி அனுப்பியது என்பதே விளங்காமற் போயிற்று. அதன்பின்னரே பல பள்ளிகள் கூகுள் கிளாஸ்ரூம் பக்கம் திரும்பின. 2014இல் வெளிவந்த அச்செயலியில் ஆசிரியர் ஒரு வகுப்பை உருவாக்கினால், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு கிடைக்கும். அதனைத் தட்டச்சு செய்யும் மாணவர் உள்ளே வரலாம். அறிவிப்புக்கு ஓரிடம், வீட்டுப்பாடத்திற்கு ஓரிடம், பெயர்ப்பட்டியலுக்கு ஓரிடம் என அறைகள் பிரிக்கப்பட்டிருந்தன. கேட்பதற்கு எளிது. ஆயினும் இருபத்தைந்து ஆண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்த ஒருவருக்கு, பூஜ்யத்தையும் ஓ என்னும் எழுத்தையும் அக்குறியீட்டில் வேறுபடுத்திப் பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்வதே ஒரு காலைப்பொழுதை விழுங்கியது.

அடுத்த இடர் பெயர்களால் வந்தது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தாமாகக் கூகுள் கணக்குத் தொடங்க இயலாது. பள்ளியே அவர்களுக்குக் கணக்கு உருவாக்கித் தர வழி இருந்தது. அதனை அறிந்து செய்த பள்ளிகள் சிலவே. ஏனையவற்றில் தந்தையின் கணக்கிலோ, கைப்பேசிக் கடைக்காரர் என்றோ தொடங்கிக் கொடுத்த கணக்கிலோ பிள்ளைகள் நுழைந்தனர். ஆறாம் வகுப்பின் பட்டியலில் கடைப் பெயர்களும் தந்தையர் பெயர்களும் நிரம்பின. இன்னார் இன்னாருடைய பிள்ளை என்று ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆசிரியர்கள் வீட்டுப்பாடம் திருத்தினர்.

எழுத்துருவின் கதை தனி. வானவில், பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்த வினாத்தாள்களைக் கைப்பேசியில் திறந்தபோது, தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடந்தது. யூனிகோடு என்ற சொல்லைப் பலர் அப்போதுதான் கேள்வியுற்றனர். 1999லேயே அரசு தமிழ்99 விசைப்பலகையை வகுத்திருந்தும், அதனைப் பழகியவர் சிலரே. ஆகவே கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பும் வழக்கம் பரவியது. ஆம்பூர், வாணியம்பாடியின் உருது வழிப் பள்ளிகளில் வலமிருந்து இடமாக எழுதுவோருக்கும் அதுவே துணையாயிற்று. கையெழுத்து அழகு மீண்டும் மதிப்புப் பெற்றதை இவ்விடத்தில் மகிழ்வோடு குறிப்பிட வேண்டும்.

கரும்பலகைக்கு என்ன செய்வது? 2020 சூனில் புனே நகரத்து வேதியியல் ஆசிரியை ஒருவர் துணி மாட்டும் கொக்கியில் கைப்பேசியைக் கட்டித் தொங்கவிட்டுப் பாடம் நடத்திய படம் நாடெங்கும் பரவியது. நம் பகுதியிலோ முக்காலியைக் கவிழ்த்து அதன் கால்களுக்கிடையில் கைப்பேசியைக் கட்டினார்கள். டப்பாக்களை அடுக்கி அதன் மேல் வைத்தார்கள். பயிற்சி வகுப்புகளில் இவையெல்லாம் சொல்லித்தரப்படவில்லை. அவற்றில் பெரும்பாலும் ஒருவர் திரையில் செய்து காட்ட, மற்றவர் பார்த்திருந்தனர். ஆசிரியர் தம் கையால் ஒரு வகுப்பை உருவாக்கி, தவறி, அழித்து, மீண்டும் உருவாக்கும் நேரம் அங்கே கிடைக்கவில்லை என்பதே நமது எண்ணம்.

அந்த நேரத்தை ஈந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள். கல்லூரியில் பயிலும் மகள் அன்னைக்குக் கற்பித்தாள். ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் கணக்கு ஆசிரியருக்குத் தொலைபேசியில் வழிகாட்டினான். இதனைத் தாழ்வாக எண்ணிய ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் அறிந்திருக்க வேண்டிய பழைய நிகழ்ச்சி ஒன்று நம் சென்னையிலேயே நடந்திருக்கின்றது. 1789இல் எழும்பூரில் தொடங்கிய ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஆன்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஏற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். பெரிய ஆசிரியர்கள் இயலாது என்று மறுத்தனர். பெல் அரிச்சுவடி வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். 1797இல் இலண்டனில் பெல் எழுதி வெளியிட்ட சிறுநூல் வழியாக, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் அம்முறை சென்னை முறை என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளையைக் கண்ட நம்மவர்க்கு அதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

இத்தகைய வகுப்பறைச் செயலிகளின் பிறப்பையும் இங்கே நினைக்கத் தோன்றுகின்றது. கூகுள் கிளாஸ்ரூமுக்கு முன்னரே, 2002இல், மூடுல் என்னும் இலவச மென்பொருளை மார்ட்டின் டூகியாமஸ் என்ற ஆஸ்திரேலியர் வெளியிட்டார். கல்லூரிகள் பலவற்றில் இன்றும் பயன்படுவது அது. மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வளர்ந்த அவருக்குச் சிறுவயதில் பள்ளி என்பது சிற்றலை வானொலியே. அந்நாட்டில் 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் தொடங்கிய வானொலிப் பள்ளி முறையில், நூற்றுக்கணக்கான கல் தொலைவிலிருந்து ஆசிரியர் பெயர் சொல்லி அழைக்க, தனித்த வீட்டிலிருந்து பிள்ளை பதில் கூறும். பள்ளிக்கு வர இயலாத பிள்ளையை எப்படியேனும் எட்டிவிட வேண்டும் என்ற தவிப்பை நேரில் அறிந்த ஒருவர் உருவாக்கிய கருவி அது.

நம் ஊர்களில் எட்டாத் தொலைவு வீட்டுக்குள்ளேயே இருந்தது. 2020 மே மாதத்திற்குப் பின் தொழிற்சாலைகள் படிப்படியாகத் திறந்தபோது, ஆம்பூரைச் சூழ்ந்த சிற்றூர்களின் பெண்கள் மீண்டும் ஷூ கம்பெனிக்குப் புறப்பட்டனர். வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி அவர்களோடு சென்றது. காலைப் பத்து மணி வகுப்பு நடக்கையில் அது தையல் இயந்திரத்தினருகே ஒரு பையில் கிடந்தது. ஏசர் ஆய்வு, நாட்டின் ஊரகங்களில் பள்ளியில் பயிலும் பிள்ளைகளுள் திறன்பேசி உள்ள வீட்டினர் 2018இல் நூற்றுக்கு 36.5 பேர் என்றும், 2021இல் 67.6 பேர் என்றும் கணக்கிட்டது. அப்படி இருந்த வீடுகளிலும் நான்கில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது கைக்கு வரவே இல்லை. இதனை உணர்ந்த ஆசிரியர்கள் வகுப்பை இரவு ஏழு மணிக்கு மாற்றினர். நேரடி வகுப்பைக் குறைத்து, எப்போது வேண்டுமாயினும் பார்க்கத்தக்க பதிவுகளைச் செயலியில் வைத்தனர். அரசின் கல்வித் தொலைக்காட்சி ஒரு புறம் துணை நின்றது.

அச்செயலியின் மதிப்பெண் பக்கத்தில், குறித்த நாளுக்குள் வீட்டுப்பாடம் தராத மாணவரின் பெயருக்கு நேரே, விடுபட்டது என்னும் பொருள்படும் சொல் சிவப்பு நிறத்தில் தோன்றும். ஆசிரியர்கள் அதனைப் பார்த்து அப்பிள்ளைகளின் வீட்டுக்குத் தொலைபேசி செய்வார்கள். ஆனால் குறியீட்டைத் தட்டி ஒருமுறையேனும் உள்ளே வந்த பிள்ளைக்குத்தான் அங்கே ஒரு வரிசை உண்டு. ஒருபோதும் வராத பிள்ளைக்குச் சிவப்பு எழுத்தும் கிட்டாது. நாற்பத்தொரு பேர் உள்ள ஒரு வகுப்பு, செயலியில் இருபத்தாறு பேர் கொண்ட நிறைவான வகுப்பாகத் தோற்றமளிக்கக்கூடும். நாம் அறிந்த ஆசிரியை ஒருவர் இதனை முதல் மாதத்திலேயே கண்டுகொண்டு, பூட்டிய பள்ளியிலிருந்து பழைய வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிச் சென்றார். வாரந்தோறும் வெள்ளியன்று இரண்டையும் ஒத்துப் பார்த்து, பட்டியலில் இல்லாத பெயர்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்வார். முகக்கவசம் அணிந்து, அச்சடித்த பயிற்சித்தாள்களோடு அவ்வீடுகளின் வாசலில் நின்று வந்தார்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 சனவரி 19 அன்று கூடின, பின்பு இரண்டாம் அலையில் மீண்டும் மூடப்பட்டன. செப்டம்பரில் மேல் வகுப்புகளும், நவம்பரில் கீழ் வகுப்புகளும் திறந்தபோது, பதிவேட்டில் அழைத்துப் பதில் வராத பெயர்கள் பல பள்ளிகளில் இருந்தன. சிலர் வேலைக்குப் போயிருந்தனர். சில குடும்பங்கள் ஊரையே விட்டிருந்தன. அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம் நம் பகுதிக்கும் வந்தது. தெருவிலுள்ள படித்த பெண்கள் தன்னார்வலராகி, மாலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை அமர்த்திப் பாடம் சொன்னார்கள். வீட்டுத் திண்ணையிலும் தெருவிளக்கின் கீழும் கூடிய அவ்வகுப்புகளில், திரையின் பட்டியலில் ஒருநாளும் இடம்பெறாத பிள்ளைகள் பலர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கக் கண்டோம்.