கொதிநிலை: ஒரு கலைச்சொல்லின் வரலாற்றுக் குறிப்பு

பதினெண் சித்தருள் ஒருவராகிய சட்டைமுனி அடங்கிய இடம் சீர்காழி எனச் சில பட்டியல்கள் கூறும். திருவரங்கம் எனக் கூறுவனவும் உள. அவ்வேறுபாட்டை ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று. சித்த மருத்துவ மரபினர் வாலை கொண்டு நீர்ப்பொருள்களை ஆவியாக்கிக் குளிர்வித்துத் திராவகம் வடித்தனர் என்பதும், வெம்மையை அறிய அவர் கையாண்ட அளவை 'பதம்' என்பதுமே நாம் கருதத்தக்கன. தீயைத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என மூன்றாக வகுத்தனர். தைலம் காய்ச்சுங்கால் மெழுகு பதம், மணற்பதம் என வேறுபடுத்தினர். இவை கண்ணாலும் விரலாலும் அறியப்படுவன, கைதேர்ந்தவன்பால் பிழையாதன. ஆயினும் அவன் கண்ட பதத்தை, அவனை ஒருநாளும் காணாத மற்றொருவன் ஏட்டைப் படித்த அளவில் மீட்டும் பெறுதல் அரிது. எண் வேண்டப்பட்டது இதன்பொருட்டே.

ஐரோப்பாவிலும் அவ்வெண் எளிதில் அமைந்துவிடவில்லை. காற்றழுத்தம் மாறின் நீர் கொதிக்கும் வெப்பமும் மாறும் என்பதைப் பாரன்ஹைட் 1724-இல் எடுத்துரைத்தார். செல்சியசு 1742-இல் வகுத்த அளவில் நீர் கொதிக்குமிடம் 0, உறையுமிடம் 100 என்றிருந்தது. பின்னரே அது தலைகீழாக்கப்பட்டது.

இக்கல்வியைத் தமிழில் எழுத முற்பட்டோருள் முன்னோடி, 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர்தம் முயற்சியால் எழுந்த வேதியியல் நூல் 1875-இல் வெளிவந்தது. அதன் பெயர் 'கெமிஸ்தம்'. அயற்சொல்லைத் தமிழொலிக்கு இணக்கிய அப்பெயரை இன்று நகைப்பது எளிது. அவர்முன் பின்பற்றத்தக்க வழக்கு யாதும் இருந்திலது என்பதை மறத்தலாகாது.

சொல்லாக்கம் பலர் கூடிச் செய்யும் பணியானது இருபதாம் நூற்றாண்டில். 1936-இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் விபுலானந்த அடிகள். 'கலைச்சொற்கள்' தொகுதி 1938-இல் வெளிவந்தது. சீர்காழிக்கு வடக்கே, கொள்ளிடத்திற்கு அப்பாலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்தவர் அவர். யாழ்நூல் ஆசிரியராகவே அவரை நாம் போற்றுகின்றோம். இளமையில் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர் என்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஆய்வுக்கூடம் அறிந்த ஒருவர் சொல்லாக்கத்திற்கு முன்னின்றது தமிழின் நற்பேறு என்றே கருதுகின்றோம்.

ஏனெனில் 'கொதிநிலை' என்னும் சொல்லின் நயம் ஆய்வுக்கூடத்திலேதான் விளங்கும். ஆங்கிலத்தார் புள்ளி என்பர். நாமும் புள்ளி என்றிருப்பின் அளவுகோலின் கோடொன்றே நினைவுக்கு வரும். தூய சாராயத்தைக் காய்ச்சுக: பாதரசம் 78 பாகையைச் சற்றே கடந்து நின்றுவிடும். தீயை மிகுத்தால் ஆவி மிகும்; பாதரசம் ஏறாது. வந்த வெப்பமெல்லாம் நீர்ப்பொருளை ஆவியாக்கவே செலவாகின்றது. அந்நிற்றலையே 'நிலை' என்றனர்.

சில துளியே கிடைக்குமாயின் 1886-இல் சிவொலொபொவ் கூறிய முறை உதவும். சிறு குழாயில் நீர்ப்பொருளை இட்டு, ஒருமுனை மூடிய மயிரிழைக் குழாயை வாய் கீழாக அதனுள் நிறுத்தி, வெப்பமானியோடு சேர்த்துக் கட்டி, எண்ணெயில் மெல்லச் சூடாக்குவர். குமிழிகள் முதலில் ஒவ்வொன்றாகவும், பின் கோத்த மணிபோல் இடையறாதும் எழும். அப்போது தீயை அகற்றுவர். குமிழி ஓய்ந்து நீர்ப்பொருள் மயிரிழைக் குழாயினுள் ஏறத்தொடங்கும் கணத்தில், அதன் ஆவியழுத்தமும் புறக்காற்றின் அழுத்தமும் ஒத்திருக்கும். அக்கணத்து எண்ணே கொதிநிலை.

பொருள் தூயதன்றாயின் அந்நிலை பெயரும். ஒரு கிலோகிராம் நீரில் 58 கிராம் உப்பைக் கரைப்பின் ஏறத்தாழ ஒரு பாகை உயரும். இடமும் அதனைப் பெயர்க்கும். கடல்மட்டத்தை அடுத்த சீர்காழியில் நீர் 100 பாகையளவில் கொதிக்கும். 2,240 மீட்டர் உயர்ந்த உதகையிலோ 93 பாகையை எட்டுமுன்னரே கொதித்துவிடும். ஆதலின் அழுத்தத்தைக் குறியாது எழுதப்பட்ட கொதிநிலையை ஆய்வாளர் ஏற்பதில்லை. 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்திற்குரிய எண்ணாகத் திருத்தியே ஒப்பிடுவர்.