ஊமத்தைப் புகை போன வழி

பிரெஞ்சுக்காரர் 1739 முதல் 1954 வரை ஆண்ட காரைக்கால், சோழமண்டலக் கரையில் இருக்கிறது. அந்தக் கரையில்தான் இரைப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் வழக்கத்தை ஆங்கிலேய மருத்துவர்கள் கண்டார்கள். காய்ந்த வேரையும் தண்டையும் நசுக்கிச் சுங்கானில் திணித்துப் புகையை உள்ளிழுப்பார்கள். 1802இல் சென்னையிலிருந்து ஜெனரல் ஜென்ட் அந்த மூலிகையை எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். அந்த நூற்றாண்டிலேயே ஊமத்தை சேர்ந்த ஆஸ்துமா சிகரெட்டுகள் பிரான்சின் மருந்துக்கடைகளில் விற்றன. எழுத்தாளர் மார்செல் புரூஸ்தும் அவற்றைப் புகைத்தார்.

அப்படியானால் மூலிகையே போதுமே, இன்ஹேலர் எதற்கு என்று கேட்கலாம். ஊமத்தை மூச்சுக்குழாயைத் தளர்த்துவது உண்மை. ஆனால் அதிலுள்ள அட்ரோபின் என்னும் வேதிப்பொருளின் அளவு செடிக்குச் செடி கூடும், குறையும். சற்று மிஞ்சினால் பிதற்றல், மயக்கம், சாவு. இன்றைய சில இன்ஹேலர்களில் உள்ள இப்ராட்ரோபியம், அட்ரோபினைத் திருத்தி, அளந்து தரும் மருந்து. அதேபோல் ஆடாதோடை மூலிகையிலுள்ள வாசிசின் என்னும் வேதிப்பொருளைப் பின்பற்றித்தான் சளியிளக்கும் புரோம்ஹெக்சின் உருவானது. ஆகவே இயற்கைக்கும் மருந்துக்கும் பகை இல்லை, வேறுபாடு திருத்தத்திலும் அளவிலும்தான். பாட்டி வைத்தியத்தை இகழ்வதாக இதைக் கொள்ள வேண்டாம். முள் நீக்கிய தூதுவளையில் ரசம் வைத்துக் குடிக்கலாம். ஆனால் மூச்சு முட்டும் நேரத்தில் அதை நம்பி இன்ஹேலரைத் தள்ளிவைக்கக் கூடாது.